என்.பி.எஸ்., டிமேட், எம்.டி.எஃப்.: எந்த வேலைக்கு எந்தக் கணக்கு?

அமெரிக்க முதலீட்டு யோசனைகளைப் படித்துவிட்டு இங்கே கணக்குப் போட உட்காருபவர்கள் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஓய்வூதியக் கணக்குக்குள்ளேயே பிடித்த கம்பெனிப் பங்கை வாங்கலாம், விற்கலாம். விற்கும்போது வரி கிடையாது. இந்தியாவில் அப்படி ஒரு கணக்கே இல்லை. என்.பி.எஸ். எனும் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் பங்கைத் தேர்ந்தெடுப்பவர் ஓய்வூதிய நிதி மேலாளர். ஈ.எல்.எஸ்.எஸ். எனும் வரிச்சேமிப்பு மியூச்சுவல் ஃபண்டில் ஃபண்டு மேலாளர். பி.பி.எஃப். (பொது சேமநலநிதி), ஈ.பி.எஃப். (ஊழியர் சேமநலநிதி) இரண்டும் வட்டிக் கணக்குகள். நாமே அலசிப் பொறுக்கும் பங்குகள் டிமேட் எனும் மின்னணுப் பங்குக் கணக்கில்தான் இருந்தாக வேண்டும், விற்றால் வரி கட்டியாக வேண்டும். கடனில் பங்கு வாங்கும் எம்.டி.எஃப். வசதியும் அதே டிமேட்டின் மேல்தான் ஏறி உட்காருகிறது.

ஆகவே மூன்றில் எது சிறந்தது என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. எந்தச் சொத்தை எங்கே வைத்தால் வரி குறையும், எந்த விற்பனையை எங்கே செய்தால் வரியே வராது, கடன் எந்த அளவைத் தாண்டினால் மற்ற கணக்குகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் என்று கேட்டால் வரும்.

முதலில் வரிமுறையைப் பாருங்கள்

2023-24 நிதியாண்டு முதல் புதிய வரிமுறைதான் இயல்புநிலை. அதில் இருப்பவருக்கு 80சி என்று பழகிய ₹1.5 லட்சக் கழிவு கிடையாது, என்.பி.எஸ்.ஸுக்கான கூடுதல் ₹50,000 கழிவும் கிடையாது. அப்படியானால் புதிய வரிமுறையில் ஈ.எல்.எஸ்.எஸ். வாங்குவதில் மிஞ்சுவது மூன்று வருடப் பூட்டு மட்டுமே. அதன் லாபத்துக்கும் சாதாரண ஈக்விட்டி ஃபண்டுக்கு உள்ள அதே வரிதான். எஸ்.ஐ.பி.யாக (மாதத் தவணையாக) போட்டால் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக மூன்று வருடம் ஓடும் என்பதையும் பலர் பணம் எடுக்கப் போகும்போதுதான் கவனிக்கிறார்கள். பழைய பழக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஈ.எல்.எஸ்.எஸ். எஸ்.ஐ.பி. இருந்தால், புதிய வரிமுறைக்கு மாறியவர் அதை நிறுத்திவிட்டு, சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டுக்குத் திருப்பிவிடலாம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

புதிய வரிமுறையிலும் உயிரோடு இருக்கும் சலுகை ஒன்று உண்டு: முதலாளி உங்கள் சார்பில் என்.பி.எஸ்.ஸில் போடும் தொகை. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் 14% வரை கழிவு கிடைக்கும். அடிப்படைச் சம்பளம் மாதம் ₹1,00,000, வரி அடுக்கு 30% என்றால் வருடத்துக்கு ₹1,68,000 வரிக்கணக்கிலிருந்து வெளியேறும். வரியின் மேல் போடும் செஸ்ஸையும் சேர்த்து மிச்சம் ₹52,416. மொத்தச் சம்பளத்தை ஏற்றச் சொல்ல வேண்டியதில்லை. இருக்கும் தொகையிலிருந்தே இந்தப் பகுதியைப் பிரித்துத் தரச் சொன்னால் போதும். பல நிறுவனங்கள் நிதியாண்டுத் தொடக்கத்தில் மட்டும்தான் இந்த மாற்றத்தை ஏற்கும். ஆகவே மார்ச்சிலேயே மனிதவளப் பிரிவுக்கு எழுதிவிடுவது நல்லது. ஈ.பி.எஃப்., என்.பி.எஸ்., சூப்பரானுவேஷன் (நிறுவன ஓய்வூதிய நிதி) மூன்றிலும் முதலாளி போடுவது சேர்ந்து வருடத்துக்கு ₹7.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதி உங்கள் வருமானமாகிவிடும்.

பி.பி.எஃப்.பை மறக்க வேண்டாம். போடும்போது கழிவு இல்லாவிட்டாலும் அதன் வட்டிக்குப் புதிய வரிமுறையிலும் வரி கிடையாது. இது ஏன் முக்கியம் என்பது அடுத்த கணக்கில் தெரியும்.

எதை எங்கே வைப்பது

வரிச்சலுகை உள்ள இடத்தில் அதிகம் வளரும் பங்கை வை, வரி உள்ள இடத்தில் மற்றதை வை என்று ஒரு பொதுக்கருத்து உலவுகிறது. இன்றைய இந்திய வரி விகிதத்தில், 30% அடுக்கில் இருப்பவருக்கு இது பெரும்பாலும் தலைகீழ்.

பட்டியலிட்ட பங்கை 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால், வருடத்துக்கு ₹1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5%, செஸ்ஸோடு 13%. 2024 ஜூலை 23 முதல் இதுதான் விகிதம். வருடாவருடம் கட்ட வேண்டியதும் இல்லை, விற்கும்போது கட்டினால் போதும். 12 மாதத்துக்குள் விற்றால் 20%, செஸ்ஸோடு 20.8%. கடன் சார்ந்த முதலீட்டுக்கு, அதாவது நாம் வட்டிக்குக் கொடுத்துவைக்கும் பணத்துக்கு, நிலைமை வேறு. வைப்புநிதி வட்டிக்கு அடுக்கு விகிதத்தில் வரி. 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய டெப்ட் ஃபண்டுக்கு எத்தனை வருடம் கழித்து விற்றாலும் அதே அடுக்கு விகிதம். 7% தரும் வைப்புநிதி 31.2% வரிக்குப் பின் 4.8% ஆகிறது. பி.பி.எஃப். 2020 ஏப்ரலிலிருந்து தரும் 7.1% அப்படியே 7.1% ஆக நிற்கிறது.

வரியால் அதிகம் அடிபடுவது கடன் பகுதிதான். அதற்குத்தான் குடை வேண்டும். ஈ.பி.எஃப்., பி.பி.எஃப்., என்.பி.எஸ்.ஸின் கடன் திட்டங்கள் ஆகிய மூன்றிலும் உங்கள் மொத்தத் தொகுப்பின் கடன் பகுதியை முடிந்தவரை நிரப்பிவிட்டு, பங்கை டிமேட்டில் வளரவிடுவதே பொதுவாக நல்ல அமைப்பு. எல்லைகள் இரண்டு: பி.பி.எஃப்.பில் வருடம் ₹1.5 லட்சம், ஈ.பி.எஃப்.பில் உங்கள் சொந்தப் பங்களிப்பு (விருப்பப்பட்டுக் கூடுதலாகப் போடும் வி.பி.எஃப். உட்பட) வருடம் ₹2.5 லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய தொகையின் வட்டிக்கு வரி. 5% அடுக்கில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு மாறும்; அவருக்குப் பூட்டில்லாத வைப்புநிதியே போதும்.

டிமேட்டுக்குள்ளும் ஒரு தேர்வு இருக்கிறது. ஈவுத்தொகைக்கு 2020 ஏப்ரலிலிருந்து அடுக்கு விகித வரி. லாபத்தையெல்லாம் ஈவுத்தொகையாகக் கொட்டும் பொதுத்துறைப் பங்கும், லாபத்தைத் திரும்பத் தொழிலில் போடும் பங்கும் வரிக்கு முன் ஒரே வளர்ச்சி தந்தாலும், 30% அடுக்குக்காரர் கையில் ஒன்றாக நிற்காது. ஓய்வுபெற்ற, வேறு வருமானம் குறைந்த பெற்றோர் தங்கள் சொந்தப் பணத்தில் அதே ஈவுத்தொகைப் பங்கை வைத்திருந்தால் வரியே வராமல் போகலாம். கணவன் மனைவிக்கிடையே அன்பளிப்பாகப் பணம் கொடுத்து வாங்கினால் வருமானம் கொடுத்தவர் கணக்கிலேயே சேரும். பெற்றோருக்கோ 18 வயது நிரம்பிய பிள்ளைக்கோ கொடுத்தால் சேராது. ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான். சட்டப்படி அது இனி அவர்கள் பணம்.

என்.பி.எஸ். உண்மையில் எதற்குப் பயன்

என்.பி.எஸ்.ஸை ஓய்வூதியத் திட்டமாக மட்டும் பார்ப்பவர்கள் அதன் மிக உபயோகமான குணத்தைத் தவறவிடுகிறார்கள். உள்ளே பங்கிலிருந்து கடனுக்கோ கடனிலிருந்து பங்குக்கோ மாற்றினால் வரி இல்லை, வெளியேறும் கட்டணம் இல்லை. நிதியாண்டுக்கு நான்கு முறை ஒதுக்கீட்டை மாற்றலாம், மேலாளரை ஒரு முறை மாற்றலாம். மியூச்சுவல் ஃபண்டில் இதே வேலையைச் செய்தால் ஒவ்வொரு ஸ்விட்ச்சும் ஒரு விற்பனை. வரி அங்கேயே வந்து நிற்கும்.

ஒரு தொகுப்பை எடுத்துக்கொள்வோம். ஈ.பி.எஃப்.பில் ₹10 லட்சம், என்.பி.எஸ்.ஸில் ₹8 லட்சம் (75% பங்கு), டிமேட்டில் பங்கும் ஈக்விட்டி ஃபண்டுமாக ₹22 லட்சம். மொத்தம் ₹40 லட்சம். பங்கு 22 + 6 = ₹28 லட்சம், அதாவது 70%. சந்தை ஏறியதால் இப்படி ஆகிவிட்டது. வைத்திருக்க நினைத்தது 65%. ₹2 லட்சத்தைப் பங்கிலிருந்து கடனுக்கு நகர்த்த வேண்டும். டிமேட்டில் எதையும் தொடாமல், என்.பி.எஸ்.ஸில் பங்கு ஒதுக்கீட்டை 75-லிருந்து 50 ஆக்கினால் ₹6 லட்சம் ₹4 லட்சமாகும். வேலை முடிந்தது. சந்தை விழுந்தால் திரும்ப 75. டிமேட்டில் உள்ள நல்ல பங்கை, விகிதம் சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காக விற்கும் நிலை வராது.

இதற்கு என்.பி.எஸ்.ஸில் ஒதுக்கீட்டை நாமே முடிவுசெய்யும் ‘ஆக்டிவ் சாய்ஸ்’ எடுத்திருக்க வேண்டும். ‘ஆட்டோ சாய்ஸ்’ என்றால் வயதுக்கேற்ப அதுவே குறைத்துக்கொண்டு போகும், கை வைக்க முடியாது. 2025 அக்டோபர் 1 முதல் அரசு சாரா சந்தாதாரர்களுக்கு 100% பங்கு வைக்கும் திட்டங்களும் வந்திருக்கின்றன. ஆனால் முழுவதும் பங்காக வைத்துவிட்டால் மேலே சொன்ன தராசு வேலை போய்விடும்; சந்தை விழும்போது உள்ளே மாற்றுவதற்குக் கடன் பகுதியே இருக்காது.

இதன் விலை பூட்டு. இடையில் எடுக்க வேண்டுமானால் வரையறுத்த காரணங்களுக்கு, உங்கள் சொந்தப் பங்களிப்பில் 25% வரைதான். 2025 டிசம்பர் திருத்தத்துக்குப் பின் அரசு சாரா சந்தாதாரர் ஓய்வின்போது கட்டாயம் ஆனுட்டி (மாதாமாதம் ஓய்வூதியம் தரும் திட்டம்) வாங்க வேண்டிய பகுதி 40 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்திருக்கிறது. ஆனால் வருமான வரிச் சட்டத்தில் மொத்தத் தொகைக்கான விலக்கு நெடுங்காலமாக 60% என்றே இருந்துவந்தது. அதற்கு மேல் மொத்தமாக எடுக்கும் 20 சதவீதத்துக்கும் வரி இருக்காது என்று எண்ணித் திட்டம் போட வேண்டாம். ஆனுட்டியில் வரும் மாதத்தொகை அடுக்கு விகித வருமானம்.

மூன்று கணக்கையும் ஒரே தொகுப்பாகப் பார்க்கும் இந்த முறையில் ஒரு குழி இருக்கிறது. கடன் பகுதி முழுக்கப் பூட்டுக்குள், பங்கு முழுக்க வெளியே என்று அமைந்துவிட்டால், வேலை போவதும் சந்தை விழுவதும் ஒன்றாக வரும்போது (பெரும்பாலும் ஒன்றாகத்தான் வரும்) விற்க முடிந்தது அடிமட்ட விலையில் இருக்கும் பங்கு மட்டுமே. காகிதத்தில் 35% கடன் முதலீடு இருந்தும் கைக்கு எட்டாது. ஆறு மாதச் செலவையாவது வரி போனால் போகட்டும் என்று வைப்புநிதியிலோ சட்டென எடுக்கக்கூடிய லிக்விட் ஃபண்டிலோ வைத்துவிட்டுத்தான் இந்த அமைப்புக்குப் போக வேண்டும்.

டிமேட்: வரியைவிட வரிசைதான் சிக்கல்

டிமேட்டில் எந்தப் பங்கை விற்றோம் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. முதலில் உள்ளே வந்தது முதலில் வெளியே போனதாகக் கணக்கு. 2021-இல் ₹400-க்கு 100 பங்கு, 2025-இல் ₹900-க்கு 100 பங்கு; இன்று விலை ₹950. 100 விற்றால் லாபம் பங்குக்கு ₹50 அல்ல, ₹550. இந்த வரிசை ஒவ்வொரு டிமேட் கணக்குக்கும் தனித்தனி. இதுதான் வழி: நெடுங்காலம் தொடாமல் வைப்பதற்கு ஒரு டிமேட், அவ்வப்போது வாங்கி விற்பதற்கு இன்னொன்று. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் சில நூறு ரூபாய் கூடும். கிடைக்கும் சுதந்திரத்துக்கு அது மலிவு.

12 மாத எல்லையில் ஒரு நாள் பிசகினால் வரி 13-லிருந்து 20.8 ஆகும். ‘12 மாதங்களுக்கு மேல்’ என்பதுதான் விதி. 2025 மார்ச் 10 வாங்கியதை 2026 மார்ச் 11 அல்லது அதற்குப் பிறகு விற்பது பத்திரம்.

₹1.25 லட்ச விலக்கு வருடத்தோடு காலாவதியாகும், அடுத்த வருடத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. அதனால் அந்த அளவு லாபத்தை வருடாவருடம் எடுத்து, திரும்ப வாங்கி, வாங்கிய விலையை உயர்த்தி வைப்பது வழக்கம். முழு விலக்கையும் பயன்படுத்தினால் பிற்கால வரியில் ₹16,250 மிச்சம். செலவையும் பாருங்கள். டெலிவரிக்கு எஸ்.டி.டி. எனும் பங்குப் பரிவர்த்தனை வரி வாங்கும்போது 0.1%, விற்கும்போது 0.1%, வாங்கும்போது முத்திரைக் கட்டணம் 0.015%. ₹5 லட்சம் மதிப்புள்ள பங்கில் ₹1.25 லட்சம் லாபம் என்றால் முழுவதையும் சுழற்ற வேண்டும். இவை மட்டும் ₹1,075. அதே ₹1.25 லட்சம் லாபம் ₹2 லட்சம் மதிப்பிலேயே கிடைக்கும் பங்கு இருந்தால் ₹430. ஆகவே சதவீதத்தில் அதிகம் ஏறியதை எடுங்கள். ஈக்விட்டி ஃபண்டு இருந்தால் இன்னும் மலிவு, மீட்பில் எஸ்.டி.டி. 0.001% தான், வெளியேறும் கட்டணக் காலம் முடிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தவறு நடக்கும் இடம் இது: காலையில் விற்று மதியம் அதே கணக்கில் திரும்ப வாங்கினால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இன்ட்ராடே, அதாவது அன்றே முடிந்த வணிகம் ஆகிவிடும். பங்கு டிமேட்டைவிட்டு நகரவே இல்லை, நீண்டகால லாபமும் எடுக்கப்படவில்லை, மேலே ஊக வணிக வருமானம் என்று ஒரு வால் வேறு. விற்ற மறுநாள் வாங்குங்கள். இல்லை, வேறு புரோக்கரிடம் உள்ள கணக்கில் அன்றே வாங்குங்கள். திரும்ப வாங்கியதற்கு 12 மாதம் புதிதாகத் தொடங்கும் என்பதால், ஆறு மாதத்தில் தேவைப்படும் பணத்தில் இதைச் செய்யக் கூடாது.

நஷ்டத்தை எடுப்பதிலும் அவசரம் வேண்டாம். குறுகியகால நஷ்டத்தை இருவகை லாபத்திலும் கழிக்கலாம். நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டும். நஷ்டம் முதலில் கழிந்த பிறகுதான் ₹1.25 லட்ச விலக்கு வரும். வருடத்தில் நீண்டகால லாபமே ₹1.2 லட்சம் இருக்கும்போது ₹80,000 நீண்டகால நஷ்டத்தை எடுத்தால், எப்படியும் வரி வராத லாபத்தைக் கரைக்க அந்த நஷ்டம் வீணாகிறது. அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிவைப்பது மேல். எடுத்த நஷ்டத்தை எட்டு வருடம் எடுத்துச் செல்லலாம், கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்திருந்தால்.

கடன்: மூன்று வாசல்கள்

பங்கை வைத்துக் கடன் வாங்க எம்.டி.எஃப்., பங்கு அடமானக் கடன், எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வணிகத்துக்கான மார்ஜினுக்கு, அதாவது முன்பணத்துக்கு அடமானம் என்று மூன்று வாசல்கள் உண்டு. மூன்றும் ஒன்றல்ல.

எம்.டி.எஃப்.பில் விலையின் ஒரு பகுதியை நீங்கள் போட, மீதியைப் புரோக்கர் போடுகிறார். வாங்கிய பங்கு உங்கள் டிமேட்டிலேயே அவர் பெயருக்கு அடமானமாக நிற்கும். அடமானத்தை ஓ.டி.பி. போட்டு உறுதிசெய்யும்படி டெபாசிட்டரியிலிருந்து (டிமேட் பதிவேட்டை நடத்தும் அமைப்பு) இணைப்பு வந்தால் அதை உடனே செய்துவிட வேண்டும். அதைத் தவறவிட்டால் முழுப்பணம் கட்டச் சொல்வார்கள், இல்லையேல் விற்றுவிடுவார்கள். வட்டி சனி, ஞாயிறு, விடுமுறை எல்லா நாளும் ஓடும்.

வட்டி 12% என்றால் 12% ஏறினால் சமன் என்று நினைப்பதுதான் முதல் பிழை. மூலதன ஆதாயக் கணக்கில் இந்த வட்டியைக் கழிக்க முடியும் என்று நம்ப முடியாது. லாபத்துக்கோ முழு வரி. வருடத்துக்கு மேல் வைத்து விற்றால் கடனில் வாங்கிய பகுதி 13.8% ஏற வேண்டும், வருடத்துக்குள் விற்றால் வருட வீதத்தில் 15.2%. அப்போதுதான் பூஜ்யம். எம்.டி.எஃப். வாங்குபவர்கள் அநேகமாக வருடத்துக்குள் விற்பவர்கள்தான். ஈவுத்தொகைக்கு எதிராக வட்டியைக் கழித்துக்கொள்ளலாம் என்ற பழைய யோசனையையும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இரண்டாவது பிழை, எத்தனை சதவீதம் விழுந்தால் இன்னும் பணம் போடச் சொல்லும் மார்ஜின் அழைப்பு வரும் என்று ஒரே எண்ணை மனதில் வைத்துக்கொள்வது. சொந்தப் பணம் ₹2 லட்சம், கடன் ₹3 லட்சம், பங்கு ₹5 லட்சம். புரோக்கர் கேட்கும் குறைந்தபட்ச மார்ஜின், அதாவது பங்கின் மதிப்பில் சொந்தப் பணமாக இருக்க வேண்டிய பகுதி, 30% என்று வைத்துக்கொள்வோம். பங்கின் மதிப்பு ₹4.29 லட்சத்துக்கு வரும்போது அழைப்பு, அதாவது 14.3% சரிவு. அந்தச் சரிவிலேயே சொந்தப் பணத்தில் 36% போயிருக்கும். ஆறு மாத வட்டி ₹18,000 கட்டப்படாமல் கடனில் ஏறியிருந்தால் 9.1% சரிவே போதும். இதைவிட மோசமானது, மார்ஜின் விகிதமே நிலையானதில்லை என்பது. அது பங்கின் ஏற்ற இறக்கத்தை வைத்துக் கணக்கிடப்படுவது; சந்தை ஆட்டம் கண்டால் விகிதம் ஏறும். 30% என்பது 36% ஆனால் 6.25% சரிவிலேயே அழைப்பு. விலை இறங்குவதும் மார்ஜின் ஏறுவதும் ஒரே வாரத்தில் நடக்கும். அந்த வாரத்தில்தான் பணமும் கிடைக்காது. எம்.டி.எஃப்.புக்கான அனுமதிப் பட்டியலிலிருந்து பங்கு நீக்கப்பட்டாலும், போனஸ் அறிவித்த பங்கில் விலை பாதியாகி, புதுப் பங்கு கணக்கில் ஏறும்வரை உள்ள இடைவெளியிலும் இதே நெருக்கடி வரலாம்.

மூன்றாவது, யாரும் சொல்லாத பிழை: பழைய பங்கு இருக்கும் டிமேட்டிலேயே அதே பங்கை எம்.டி.எஃப்.பில் வாங்குவது. இரண்டு வாரத்தில் சின்ன லாபத்தோடு விற்கிறீர்கள். வரிக்கணக்கில் வெளியே போவது 2019-இல் வாங்கிய பழைய பங்கு. பெரிய நீண்டகால லாபம் இந்த வருடமே வெளிப்பட்டுவிடும், கையில் மிஞ்சுவது வாங்கி இரண்டு வாரமே ஆன பங்கு. எம்.டி.எஃப். செய்தே தீருவேன் என்பவர் அதற்குத் தனி டிமேட் வைத்துக்கொள்ள வேண்டும்.

வங்கியோ நிதி நிறுவனமோ தரும் பங்கு அடமானக் கடன் இதைவிடச் சாது. பொதுவாகப் பங்கின் மதிப்பில் பாதி வரை ஓவர்டிராஃப்ட் வரம்பு; எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி; மதிப்பு குறைந்தால் எம்.டி.எஃப்.பைவிடச் சற்று அவகாசம். இன்னும் பங்கு வாங்க அல்ல, பங்கை விற்காமல் ஒரு செலவைத் தாண்டத்தான் இது பொருத்தம். நான்கு மாதத்துக்கு ₹3 லட்சம் தேவை என்று வையுங்கள். 10.5% வட்டியில் செலவு ₹10,500. விற்றால்? அந்த ₹3 லட்சத்தில் லாபம் ₹2 லட்சம் என்றால், விலக்கு போக ₹75,000-க்கு வரி ₹9,750. ஏறக்குறைய சமம். அதோடு விற்றுத் திரும்ப வாங்கினால் வாங்கிய விலை உயர்வதால் அந்த வரி முழு இழப்பும் இல்லை. விலக்கை ஏற்கெனவே தீர்த்துவிட்டவருக்கு வரி ₹26,000. அப்போது கடன் சரி. பங்கு 11-வது மாதத்தில் இருந்தாலும் கடன் சரி. மற்றபடி விற்பதே எளிது. நான்கு மாதம் என்று வாங்கி நான்கு வருடம் ஓடும் ஓவர்டிராஃப்டுகள்தான் அதிகம்.

மூன்றாவது வாசலான எஃப் அண்ட் ஓ அடமானத்தில், ஹேர்கட் (பாதுகாப்புக்காகக் கழிக்கும் பகுதி) போக மிஞ்சும் மதிப்பு மார்ஜினாகும். ஆனால் தேவைப்படும் மார்ஜினில் பாதியாவது ரொக்கமாகவோ, அரசுப் பத்திரம், லிக்விட் ஃபண்டு போன்ற ரொக்கத்துக்கு இணையானதாகவோ இருக்க வேண்டும். குறைந்தால் புரோக்கர் அந்தக் குறைவுக்கு வட்டி போடுவார். ஃப்யூச்சர்ஸில் தினசரி நஷ்டத்தை ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும், அடமானப் பங்கு அதற்கு உதவாது. வருமானம் வணிக வருமானம், ஐ.டி.ஆர்.-3 படிவத்தில் ரிட்டர்ன், அடுக்கு விகித வரி. நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ செய்த தனிநபர்களில் 93% பேர் நஷ்டம், மொத்த நஷ்டம் ₹1.8 லட்சம் கோடிக்கு மேல் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியே 2024 செப்டம்பரில் சொன்னது. ஓய்வுக்காலத் தொகுப்பை நடத்துபவர் இந்த வாசலைச் சாத்தி வைப்பதே சரி.

கடன் எவ்வளவு வரை என்பதற்கு மொத்தச் சொத்தை வைத்து அளக்கக் கூடாது. முன் சொன்ன ₹40 லட்சத் தொகுப்பில் ₹4 லட்சம் கடன் வெறும் 10% போலத் தெரியும். ஆனால் மார்ஜின் அழைப்பு வரும் காலையில் என்.பி.எஸ்.ஸும் ஈ.பி.எஃப்.பும் ஒரு ரூபாய் தராது. அன்று நிஜமாக இருப்பது டிமேட்டும் கைரொக்கமும்தான். அளவுகோல் இப்படி இருக்கட்டும்: கடன் வைத்திருக்கும் பங்கு ஒரேயடியாக 40% விழுந்தாலும், வேறெதையும் விற்காமல் லிக்விட் ஃபண்டிலிருந்து மட்டும் அழைப்பைச் சமாளிக்க முடியுமா? முடியாவிட்டால் கடன் அதிகம். 8.5% வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது 12% எம்.டி.எஃப். எடுப்பவர், தான் ஏற்கெனவே கடனில் பங்கு வைத்திருப்பவர்தான் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

கணக்குகளைப் பிரித்த பிறகு

இரண்டு டிமேட் வைக்க முடிவுசெய்து பழைய பங்குகளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால், உங்கள் பெயரிலிருந்து உங்கள் பெயருக்கே போவதால் அது விற்பனை இல்லை, வரியும் இல்லை. வாங்கிய தேதியும் விலையும் பழையவையே. ஆனால் புதிய புரோக்கரின் மென்பொருளுக்கு அவை தெரியாது. வாங்கிய விலை பூஜ்யமாகவோ, மாற்றிய நாளின் விலையாகவோ காட்டும். வருமான வரித் துறையின் ஏ.ஐ.எஸ். அறிக்கையிலும் விலை பிசகி வரலாம். மாற்றுவதற்கு முன் பழைய புரோக்கரிடமிருந்து எல்லா கான்ட்ராக்ட் நோட்டையும் (வாங்கி விற்றதற்கான ரசீது), வாங்கிய தேதி வாரியான கையிருப்புப் பட்டியலையும் இறக்கி வையுங்கள். கணக்கை மூடிய பிறகு உள்ளே நுழைய முடியாமல் போகலாம். 2018 ஜனவரி 31 வரை வாங்கிய பங்கு இருந்தால் அந்த ஜனவரி 31-இன் உச்ச விலையையும் அதே பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பங்குகளின் வாங்கிய விலையைக் கணக்கிட அது வேண்டும், புதிய புரோக்கர் மென்பொருள் அதைத் தானாக எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.